மஞ்சள் பலகைக்கு முன்னால்

கோடநாடு சாலையில் ராலியின் கடைசி நேரச்சாவடி.
ஒரு மடக்கு மேசை, ஒரு கடிகாரம், ஒரு பேனா, நான்.
வாரநாளில் பச்சைத் தேயிலை எடைபோடுகிறவள்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
ஞாயிறுக்கு இரவல் வாங்கியிருந்தார்கள்.

பதினோராம் எண் வண்டிக்குக் குறித்த நேரம் இரண்டு பதினேழு.
இரண்டு பதினான்குக்கே வந்து
மஞ்சள் பலகைக்கு மூன்றடி முன்னால் நின்றது.
அது சரி. சீக்கிரம் வந்தவன் அங்கேதான் நிற்கவேண்டும்.
சக்கரமெல்லாம் கெங்கரைச் சேறு.
ஓட்டுகிறவன் ஜோகி, நம்ம கட்டபெட்டுப் பையன்,
பதினான்கு வினாடி முன்னால்.
இரண்டாமிடத்தில் அதே முதலாளியின், அதே பெயின்ட்டின்
நான்காம் எண்.

இரண்டு பதினேழு.
கதவு திறக்கவில்லை.
பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தேன்.
நேவிகேட்டர் ஐசக் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்க்காமலிருப்பதற்காக
ஒரு சில்வர் ஓக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தாமதமானால் நிமிடத்துக்குப் பத்து வினாடி அபராதம்.
பதினான்கை அழிக்க எத்தனை நிமிடம்?
கணக்கு எனக்கும் தெரியும்.

"வண்டி ரிப்பேரா?" கத்தினான் வேலிமேல் உட்கார்ந்திருந்தவன்.
எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலி சிவஞானம் சொன்னார்:
"வண்டி அவங்களுது, டயர் அவங்களுது,
பையன் போட்டிருக்கிற கையுறைகூட அவங்களுது.
நாலாம் நம்பருக்குப் புள்ளி வேணும், கோப்பை வரும்.
இதுல தப்பு என்னம்மா?"

தப்பில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டேன்.
கால்பந்தில் பந்தைக் கடத்திவிடுகிறவனை யார் திட்டுகிறார்கள்?
ஆனால் அவன்
தன் காலைத் தானே கட்டிக்கொண்டு
ஊர் பார்க்க நிற்பதில்லை.

சொல்ல எனக்கென்ன யோக்கியதை.
ஈர இலை, மூட்டைக்கு இரண்டு கிலோ கழி என்பார்கள் மேலிருந்து.
வெயில் காயும் பிப்ரவரியிலும் கழித்திருக்கிறேன்.
மாதியம்மாள் முள்ளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்,
சாக்கை உதறி மடிப்பாள்.
அதற்குப் பேரேட்டில் பெயர் உண்டு: ஈரக்கழிவு.
இதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால்?
அட்டையிலேயே ஒரு கட்டம், 'அணி உத்தரவு', ஒரு டிக்,
வேலிமேல் இருப்பவனுக்கும் தெரியட்டும்
என்று தோன்றியது.
நாலு வருடத்தில் அதுவும் ஈரக்கழிவாகிவிடும்
என்றும்.

இரண்டு பதினெட்டு.
விடிகாலையிலிருந்து வளைவில் நிற்கும் பிள்ளைகள்
ஜோகி, ஜோகி என்றார்கள்.
ஜன்னல் கண்ணாடி மேலேறியது.
பள்ளத்திலிருந்து மூடுபனி வந்து பலகையை விழுங்கியது.
பனியில் பலகை தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லேன்,
நானும் குறிப்பில் எழுதிவிடுகிறேன்
என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

இரண்டு பத்தொன்பது.
ஐசக் அட்டையை நீட்டினான்.
"எழுதுங்கக்கா."
எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம்.
ஆறு வினாடி பின்தங்கிய ஜோகி
பாதி வழியிலேயே ஏழு வினாடி மீட்டுவிட்டானென்று
வாக்கி டாக்கி கரகரத்தது.
சிவஞானம் எழுந்து நின்றுவிட்டார்.
முடிவில் அரை வினாடியில் தோற்றான்.
அரை வினாடி.
முதலாளிக்கும் குறையில்லை, அளவெடுத்ததுபோல.

கோப்பை மலையிறங்கிப் போய்விட்டது.
ஆக்ஸிலரேட்டரிலிருந்து ஜோகி காலை எடுத்த இடம் இதுதான் என்று
பிள்ளைகள் இன்னும் சாலையில் காட்டுகிறார்கள்,
ஆளுக்கொரு வளைவை.