ஊதச் சொன்னார்கள்

எங்கள் வேல்ஸ் மொழியில்
கழுகுக்கும் அக்கிக்கும் ஒரே சொல்:
எரிர்.
விலாவில் வந்து உட்கார்ந்தபின்
இரண்டில் எது என்று கேட்கத் தோன்றாது.

என் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன்
பஞ்சத்தில் ஒரு கழுகைச் சுட்டுத் தின்றாராம்.
செருப்பு மாதிரி இருந்தது என்றாராம்.
அதிலிருந்து ஒன்பது தலைமுறைக்கு
ப்ரோத்ரோ வீட்டு ஆள் ஊதினால்
அக்கி அவியும்.
நான் ஐந்தாவது.
நம்பினேனா?
கார் இன்சூரன்ஸை நம்பும் அளவுக்கு.

பிப்ரவரியில், இரவு பத்தேகாலுக்கு
மோர்விட் போன் செய்தாள்.
"ஹெவினுக்கு முதுகிலிருந்து மார்பு வரை
ஒரு பக்கமாக, பாதி பெல்ட் கட்டினது போல.
மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.
மூச்சுக்கு முந்நூறு தடவை உன் பெயர்தான்.
வந்து ஊதிவிட்டுப் போ, இத்வல்."

மூச்சுக்கு முந்நூறு!
அவனுக்கு ஒரு மூச்சில்
மூன்று சொல் வந்தால் அதிகம்.

இருபத்திரண்டு வருடம் ஒரே சுரங்கம், ஒரே தூசி.
இப்போது செவ்வாய்தோறும்
மூச்சுப் பயிற்சி வகுப்பில்
நாற்காலியிலிருந்து எழுந்து
உட்கார்ந்து
எழுந்து
உட்கார்ந்து,
எந்த வருடமும் பாஸ் ஆகாத இரண்டு பையன்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பக்கத்து சீட்டில் வைத்து
அதற்கும் பெல்ட் போட்டேன்.
அவன் வீட்டில் பதினான்கு படி.
நான்காவதில் நின்றேன்.
ஒன்பதாவதில் உட்கார்ந்தேன்.
மேலே அவன் இருமுவது கேட்டது.
இருமுவது அல்ல,
இருமலை விழுங்குவது.

சட்டையைத் தூக்கினான்.
சளி நெஞ்சில் கிடக்கிறது.
தள்ளி வெளியே போட விலா வேண்டும்.
விலாவில் கழுகு.

போன மாதம்தான் ஆஸ்பத்திரியில்
வாயில் குழாய் வைத்து
"ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று
விரட்டிய பெண்
தாளைப் பார்த்துச் சொன்னாள்:
முப்பத்தெட்டு சதவீதம்.
அந்த முப்பத்தெட்டையும்
முழங்காலிட்டு அவன் தோல்மேல் ஊதினேன்.
மெழுகுவர்த்திகூடத் தலை திருப்பியிருக்காது.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான் இருக்கு."

சிரித்தான். சிரிப்பு விலாவைக் கவ்வியது.
சிரிக்காதேடா என்றேன்,
இன்னும் சிரித்தான், பிறகு அழுதான்.
மோர்விட் எங்கள் இருவரையும் திட்டினாள்.
தடுப்பூசிக்குக் கூப்பிட்டு
இருவருக்கும் அக்டோபரிலேயே கடிதம் வந்தது.
அவனுடையது ஆடும் மேசைக் காலடியில்
நாலாக மடித்துக் கிடந்தது.
என்னுடையது எங்கே என்று அவள் கேட்டாள்.
நான் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் நெரிஸ் கேட்டாள்:
"எந்தக் கை?"
"இடது. வலது, இன்ஹேலர் பிடிக்க."
சின்ன வயதில் வந்த அம்மை
போகவே இல்லையாம்.
முதுகுத்தண்டின் ஓரம், நரம்பு வேரில்
ஒண்டிக்கொண்டு தூங்குகிறதாம்.
நுரையீரல் நைந்துபோனவர்களிடம்
சற்று எளிதாக விழித்துக்கொள்ளுமாம்.

ஒன்பது தலைமுறைக் கதையைச் சொன்னேன்.
"இது உங்களுக்கு மட்டும்தான்," என்றாள்,
பஞ்சை அழுத்தியபடி.
"பேரன் அவன் கையை அவனே நீட்டணும்."
"இனி வரவே வராதா?"
"பெரும்பாலும் வராது."

பெரும்பாலும்.
முப்பத்தெட்டில் குடித்தனம் செய்பவனுக்கு
அது மாளிகை.

அன்றிரவு தோள் கல்லானது.
இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கினேன்.
ஹெவின் கூப்பிட்டான்.
"வலிக்குதா?"
"வலிக்குது."
"நல்லது," என்றான்.
அடுத்த சொல்லுக்கு அவன் மூச்சு சேர்க்கும்வரை
போனைக் காதில் வைத்திருந்தேன்.
"எனக்கும்... ஆறினதும்... போடலாமாம்."

இரண்டாவது ஊசி செப்டம்பரில்.
காலண்டரில் எழுதிவிட்டேன்,
பச்சைக் குப்பைத்தொட்டியை
வெளியே வைக்கும் அதே கட்டத்தில்.