உள்ளே நடக்கும் அலுமாரி

விட்பிக்கு வடக்கே, மேப்பில் இன்னும் ஏறாத தெரு.
புல் வரவில்லை. சேறு வந்துவிட்டது.
வாசலில் சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு
லேசரைச் சுவரில் வைக்கிறேன்.
சிவப்புப் புள்ளி எதிர்ச்சுவரில் போய் நின்று
உள்ளதைச் சொல்கிறது:
வரைபடத்தில் ஏழடி, வீட்டில் ஆறடி பத்து.
அந்த இரண்டு அங்குலத்தை யார் கொண்டுபோனார்கள் என்று
இந்தத் தொழிலில் எவரும் கேட்பதில்லை.

கபிலாஷன், தர்மிளா.
சாவி கிடைத்து ஒன்பது நாள்.
பில்டர் தந்தது ஒரேயொரு வெள்ளைக் கம்பித்தட்டு;
மடித்து வைத்த ஸ்வெட்டரில் வரி வரியாய்த் தழும்பு விழும்.
அதைத் தடவிக் காட்டித்தான் தொடங்குவேன்.
குறையை முதலில் காட்டு, பலகையைப் பிறகு காட்டு,
பயிற்சியில் சொன்னது.

பிறகு கேள்விகள்.
தொங்குவது எத்தனை, மடிவது எத்தனை?
சேலை எத்தனை? அவர் ஒரு கணக்கு, அவள் ஒரு கணக்கு.
இனிப் போடவே மாட்டோம் என்று தெரிந்தும்
எறியாத உடுப்பு?
இந்தக் கடைசிக் கேள்வி படிவத்தில் இல்லை.
ஆனால் அதிக இடம் கேட்பது அதுதான்.

வெள்ளையில் ஐந்து வகை வைத்திருக்கிறேன்:
உறைபனி, ஓட்ஸ் பால், முட்டையோடு, காலைப்புகார்,
வெறும் வெள்ளை.
வெறும் வெள்ளையை யாரும் ஆசைப்பட்டுத் தொடுவதில்லை.
எல்லோரும் அதையே வாங்குகிறார்கள்.

மாதிரி இழுப்பறையைத் தள்ளிக் காட்டினேன்.
கடைசி அரைச் சாணில் அது மூச்சைப் பிடித்து
சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.
தர்மிளா தானும் தள்ளினாள். இன்னொருக்கால்.
“கோவம் வந்தா அடிச்சுச் சாத்தவும் ஏலாதே.”
சிரித்தோம்.
கபிலாஷன் அதற்குள் இல்லை.
உள்ளே நடக்கும் அலுமாரியின் நடுவில் நின்று
கைகளை விரித்துப் பார்த்தான்.
பிறகு குந்தினான்.
பிறகு ஜக்கெட்டோடு
புதுத்தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தான்.

“இதுக்குள்ள ஒரு ஆள் படுக்கலாமோ அக்கா?”

தட்டிக்கழிப்பவர்களுக்குச் சொல்லப் பதில் எழுதிய
அட்டை ஒன்று பையில் இருக்கிறது.
விலை கூட என்றால், நாளைக்கு ஒரு கோப்பிக் காசுதானே.
பிறகு பார்ப்போம் என்றால், கழிவு இந்த மாதத்தோடு சரி.
படுக்கலாமோ என்றால்
அட்டையில் ஒன்றுமில்லை.

“யன்னல் இல்லையே” என்றேன்.
“அதுதான் வேணும்.”
ஏஜக்ஸில் வேர்ஹவுஸ், இரவு பதினொன்றிலிருந்து ஏழு.
மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் போகிறது,
பேஸ்மென்டும் போகிறது.
மிச்சத்தில் தர்மிளாவும் பிள்ளைகளும்.
“பகலில இந்த வீட்டில இருட்டா இருக்கிறது
இது ஒண்டுதான்.”

தர்மிளா இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அது ஏற்கெனவே மூடியிருந்தது.

மடிக்கணினியில் கட்டில் வரைய வழியில்லை.
தட்டு உண்டு, தடி உண்டு, நகைத் தட்டு உண்டு,
கழுத்துப்பட்டி தொங்கவிடக் கொக்கி உண்டு.
சப்பாத்து மாட்ட இருந்துகொள்ளும் பெஞ்ச் உண்டு.
அதைப் பிடித்து இழுத்தேன்.
நான்கடி, ஐந்தடி,
ஆறடி நான்கில் விட்டேன்.
அகலம் முப்பது அங்குலம். பாரம் தாங்க நடுவில் இன்னொரு கால்.
மேலே அவள் சேலைகளுக்கு ஒற்றைத் தடி,
முகத்தில் முந்தானை படாத உயரத்தில்.
“கதவைக் கழட்டி விடுங்கோ, தடிப்பான திரை போடுங்கோ,
காத்து வரட்டும்,” என்றேன்.
கதவைக் கழற்றச் சொன்னால் என் கொமிஷனில்
கண்ணாடிக் கதவு போச்சு.
போகட்டும்.

“என்ன நிறம்?”
இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்: வெறும் வெள்ளை.

ஓடரை அனுப்பப் போனால் திரை மறிக்கிறது,
பெட்டியை நிரப்பாமல் விடாதாம்:
இந்தப் பெஞ்சின் கீழ்
எத்தனை சோடி வைப்பீர்கள்?

அவன் இன்னும் எழும்பவில்லை.
கண்ணை மூடிவிட்டான் போல.
ஒன்று என்று அடித்தேன்.