பக்கத்துக்கு மூன்று பிழை

லாஸ்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடி.
ஆறு கணினி, ஒரு டேபிள் ஃபேன்.
ராத்திரி ஒன்பதுக்கு எங்களுக்கு விடியும்.
ஒஹையோவில் அப்போது பகல் பதினொன்றரை,
டைலர் இன்னும் எழுந்திருக்க மாட்டான்.

நான்தான் டைலர்.
நாலு வருஷமாக.
வரலாறு முதுகலை, முதல் வகுப்பு;
அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து
பீரோவில் வைத்துவிட்டு
அவன் கட்டுரைகளை எழுதுகிறேன்,
பக்கம் நூற்றெழுபது ரூபாய்.

முதல் கட்டுரை திரும்பி வந்தது.
'ரொம்ப நன்றாக இருக்கிறது, மாட்டிக்கொள்வேன்.
கொஞ்சம் கெடுத்துத் தாருங்கள்.'
ஆரோக்கியசெல்வம் சார் அன்றே அச்சடித்துச்
சுவரில் ஒட்டினார்:
பக்கத்துக்கு மூன்று பிழை.
அதிலிருந்து
ஒரு காற்புள்ளியை இடம் மாற்றுவேன்,
ஓர் ஆண்டைப் பத்து தள்ளிப்போடுவேன்,
ஒரு மன்னனை அவன் தம்பியாக்குவேன்.
உப்புக் கணக்குதான்.
கூடினால் ஃபெயில், குறைந்தால் சந்தேகம்.

ஒருமுறை கேட்டான்,
ஏழாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது?
சிரித்த சிரிப்பில் ரெஜினா
கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டாள்.
விடியற்காலை, ஸ்கூட்டியில்,
ஏர்போர்ட் ரோடு திரும்பும்போது உறைத்தது:
அவன் மண்ணில் அது
இரண்டு வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது.
ஒன்பது.
கேள்வி சரி.
சரியென்று அவனுக்குத் தெரியாது,
அவ்வளவுதான்.

அந்தப் போரில்தான் இங்கிலீஷ்காரன்
இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினான்.
அதற்கு ஒரு பத்தி எழுதினேன்,
ஒரு பிழைகூடப் போடாமல்.
'சம்பந்தமில்லை, எடுத்துவிடுங்கள்.'
எடுத்தேன். பணம் வந்தது.

போன வாரம் மின்துறையில் ஒரு மனு கொடுத்தேன்,
பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பில் வந்ததென்று.
கவுண்டர்காரர் சிவப்புப் பேனா எடுத்தார்.
தேதி தப்பு. கதவு எண் தப்பு.
'அப்பா இனிஷியலுமா மறந்துபோகும்?'
எண்ணிப் பார்த்தேன்.

நேற்று டைலர் எழுதியிருந்தான்.
பட்டம் வாங்கிவிட்டானாம், வேலையும் ஆயிற்றாம்.
ஏழாம் வகுப்புக்கு வரலாற்று ஆசிரியர்.
(நான் பதிந்த எண்
வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இன்னும் உறங்குகிறது.)
முதல் தேர்வுக்கு இருபது கேள்வி வேண்டும்,
விடைகளோடு.
கீழே தனியாக ஒரு வரி:
'இந்த முறை பிழை வேண்டாம்.
சின்னப் பிள்ளைகள்.'

மூன்று மணி வரை எழுதினேன்.
பதினேழாவதாக
அவன் என்னிடம் கேட்டதையே வைத்தேன்.
ஒன்பது என்று விடை போட்டுவிட்டு,
என் கையை நம்பாமல்,
ரெஜினாவை எழுப்பிச்
சரிபார்க்கச் சொன்னேன்.