கிழக்குக் கூம்பு

கானாடுகாத்தான் பள்ளி மைதானத்தில்
நான்கு கூம்பு கட்டியிருந்தேன்.
ஐந்தாவதும் கட்டச் சொன்னது கமிட்டி,
பள்ளத்தூர் வரைக்கும் கேட்கணுமாம்.
சத்தம்தான் எனக்குச் சோறு. கட்டியிருப்பேன்.
வயர் பத்தவில்லை.

முதல் நாள் ராத்திரி, அரையிறுதிக்கு முன்னால்
ஒரு பையன் எழுந்து ஓடினான்,
காதைப் பொத்திக்கொண்டு
நாற்காலிகளைச் சரித்துக்கொண்டு.
குடிச்சிருக்கான் என்றார் ஒருவர்.
நான் மைக்கில் சொன்னேன்
(சொன்னதைச் சொல்லத்தானே வேண்டும்):
"தம்பி, ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கு!"
கூட்டம் சிரித்தது.
நான்கு கூம்பிலும் நானும் சிரித்தேன்.

காலையில் அவன் அக்கா வந்தாள். சிகப்பி.
ஆம்ப்ளிஃபயருக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தேன்.
சண்டைக்குத்தான் வருகிறாள் என்று
இடுப்பில் துண்டை இறுக்கினேன்.
நோட்டை நீட்டினாள்.
"சோலையப்பன் எழுதினது. பத்தொம்பது வயசு.
அவனுக்கு எல்லாமே கொஞ்சம் அதிகமாக் கேட்கும்."

நோட்டில் எங்கள் மைதானம். கோணல் கட்டம், அம்புக்குறிகள்.
கிழக்குக் கூம்பு: கத்தி.
விசில்: ஊசி. ஆனால் ஒரே ஊசி, பரவாயில்லை.
ஜெனரேட்டர்: வண்டு. பழகிவிடும்.
நாற்காலி இழுக்கும் சத்தம்: பல்லில்.
தைல வாசம்: தெற்குப் பக்கம் முழுக்க.
மூன்றாவது ட்யூப்லைட் துடிக்கிறது. யாருக்கும் தெரியவில்லையா?
கைதட்டல்: எப்போது வரும் என்று சொன்னால் தாங்குவேன்.
கடைசியில், இரண்டு கோடு போட்டு:
பாடிப் போகிறவரின் மூச்சு கேட்கவில்லை.
அதைக் கேட்கத்தான் வந்தேன்.

அண்ணாந்து பார்த்தேன்.
மூன்றாவது ட்யூப்லைட் துடித்துக்கொண்டுதான் இருந்தது.
இருபத்தாறு வருஷமாக
நானே கட்டி, நானே கழற்றுகிற விளக்கு.

"ஒருத்தனுக்காக ஊர் வாயைப் பொத்தணுமாக்கும்?"
என்றார் தலைவர் முத்துப்பழனியப்பன்.
ஊர் வாயை இல்லை, ஒரு கூம்பை என்றேன்.
வாடகையில் கழிப்பேன் என்றார். கழித்தார்.

வாட்ச்மேன் சேவுகன் ஆய்வகச் சாவியைத் தந்தார்,
நெரிசல் தாங்காதவர்கள் போய் உட்கார.
எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயந்துவிடுவார்களென்று
அதன் தலையில் துண்டைப் போட்டார்.
சோலையப்பன் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு
விலாவை எண்ணினான்.
ஒன்று குறைகிறது என்றான்.

இறுதி ஆட்டத்துக்குக் கிழக்குப் பக்கம்
ஒரு பையன் வருவான் என்று நினைத்தேன்.
காது மிஷின் வைத்த போஸ்ட்மாஸ்டர் வந்தார்.
கைக்குழந்தையோடு ஒருத்தி.
தலைவரே கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தார், பிளட் பிரஷராம்.
மரமில்லுக்காரர் தரும் காதுமூடியை மாட்டிக்கொண்டு
முன்னும் பின்னும் ஆடியபடி ஒரு சிறுமி.
இத்தனை நாள் இவர்களெல்லாம்
எந்தச் சுவருக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள்?

"இன்னும் கொஞ்ச நேரத்துல கைதட்டப் போறோம்" என்று
கைதட்டலுக்கு நாள் குறித்தேன். கேலி செய்தார்கள். தட்டினார்கள்.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி வித்தியாசம்.
நேமத்தான்பட்டிப் பையன் ஒருவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான்.
நான் மைக்கை அணைத்தேன்.
ஏன் என்று தெரியாது, விரல் போனது.
கபடி கபடி கபடி...
செம்மண்ணில் பாதம் உரசுகிற சத்தத்துக்கு மேல்
ஈரமாய், ஒரே நூலாய்,
அறுந்துவிடும் அறுந்துவிடும் என்று
போய்க்கொண்டே இருந்தது அவன் மூச்சு.
ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்திருந்தோம்.

அப்புறம் எவனோ சரவெடி கொளுத்தினான்.
சொல்லாமல், வெற்றி வெறியில்.
சோலையப்பன் ஆய்வகத்துக்குள் போனவன்
கோப்பை கொடுத்து முடியும்வரை வரவில்லை.
எல்லாவற்றையும் யாரால் கட்டிவைக்க முடியும்?

வயரைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து நின்றான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, கூம்பைப் பார்த்தான்.
நான்கு கூம்பில் சொன்னதை
ஒரு வாயால் எப்படித் திரும்ப வாங்குவது என்று
நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு
செட்டிநாடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன்" என்றான்.
"ரொம்ப நேரம் நின்னேன்.
ரயில் எதுவும் வரலை."