உருளிக் கோப்பை

யுனிவர்சிட்டி லீக் கார்த்திகையோடு முடிந்துவிடும்.
அதில் நான்காவதாக வந்த கல்லூரிக்கும்
மார்கழியில் அழைப்பு வரும்.
எல்லை நெடுக அப்போது கோப்பைகள்.
கொழிஞ்சாம்பாறையில் ஒரு கள்ளுக் குத்தகைக்காரர்
செத்துப்போன தம்பி பேரில் கேடயம் வைத்திருந்தார்.
வேலந்தாவளத்தில் தக்காளி மண்டிக்காரர்கள்.
மீனாட்சிபுரத்து ரயில்வே ஆட்கள் கொடுத்தது
கோப்பைகூட இல்லை, சுவர்க் கடிகாரம்.
ஆளுக்கொன்றை ஜெயித்துவிட்டு
தை பிறக்கும்போது நான்கு கல்லூரிகள்
நாங்கள்தான் சாம்பியன் என்று
பஸ்ஸின் பின்கண்ணாடியில் சுண்ணாம்பால் எழுதிக்கொண்டு போகும்.
யாரும் பொய் சொல்லவில்லை.

நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.
அரிசி கடத்தினேன்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குத் தெற்கே
பனங்காட்டுக்குள் ஒரு வழி உண்டு.
இருபது கிலோ தலையில்.
விசில் கேட்டால் ஓட வேண்டும்,
மூட்டை விழாமல்.
ஒரு விடியலில் நான் அப்படி ஓடியதை
சித்தூர்க் கல்லூரி கேப்டன் அகஸ்டின்
ஒதுங்கிய இடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தான்.
கால் கழுவிவிட்டு வந்து கேட்டான்:
"பந்து தெரியுமா?"

அவர்களுடைய இடதுபுற ஆட்டக்காரனுக்கு மஞ்சள் காமாலை.
ஆர். அனந்தநாராயணன், இரண்டாம் ஆண்டு வேதியியல்.
அவன் ஹாஸ்டலில் கீழாநெல்லி குடித்துக்கொண்டு கிடக்க,
அவன் பனியன்,
படம் ஈரத்தில் ஊதிப்போன அவன் அடையாள அட்டை,
எனக்கு அரை சைஸ் பெரிதான அவன் பூட்ஸ்
எல்லாம் என்னிடம் வந்தன.
மீரான், வாயைத் திறக்காதே என்றார்கள்.
முதல் ஆட்டத்தில் "அனந்தா, அனந்தா" என்று
மைதானமே கத்தியது.
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றேன்.
பந்து என்னைத் தாண்டிப் போய்
ஒரு சர்பத் வண்டியைச் சாய்த்தது.

மார்கழியில் கணவாய்க்குள் காற்று கிழக்கிலிருந்து வரும்.
வரும் என்பது சரியில்லை. தள்ளும்.
அதை எதிர்த்து ஆடும் பாதியில்
கோலி உதைத்த பந்து கோலியிடமே திரும்பும்.
கோபாலபுரத்தில் கடைசி ஆட்டம், எதிரே பொள்ளாச்சிக்காரர்கள்.
பரிசு, பாத்திரக்கடைக்காரர் கொடுத்த வெண்கல உருளி.
ஐம்பது பேருக்குப் பாயசம் வைக்கலாம்.
முதல் பாதி காற்று அவர்களுக்கு, ஒரு கோல் வாங்கினோம்.
இரண்டாம் பாதியில், வெளிச்சம் போகிற நேரத்தில்,
இடது மூலையில் எங்களுக்கு ஒரு கார்னர்.
இடது காலால் அடித்தேன்.
பந்து கோலை விட்டு விலகித்தான் போனது.
எல்லோரும் அதன் பின்னால் போனார்கள்.
காற்று பந்தை மட்டும் திருப்பி அனுப்பியது.

ஒன்றுக்கு ஒன்று. நாணயம் சுண்டினால் தெரியாத இருட்டு.
உருளி ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று
பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

ஆனியில் அதைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோன வாத்தியாரை
செக்போஸ்ட்டில் பில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அகஸ்டின் மறுபடி என்னைத் தேடி வந்தான்.
அரிசி மேற்கே போகும். உருளி கிழக்கே போயிற்று.
மழை. தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன்.
வெண்கலத்தில் மழை விழுந்த சத்தத்துக்கு
விசில் ஊதியிருந்தாலும் கேட்டிருக்காது.
பொள்ளாச்சி ஹாஸ்டல் வாட்ச்மேன்
கொண்டுவந்தவன் கையெழுத்து வேண்டும் என்றான்.
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால்
பதிவேட்டில் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து:
ஆர். அனந்தநாராயணன்.
என் பெயருக்கு நான் அதுவரை போட்டதில்லை.

அடுத்த மார்கழியில் கோபாலபுரத்தில் ஆட்டம் நடக்கவில்லை.
உருளி திரும்பவும் வரவில்லை.

போன வருஷம் சித்தூரில் ஒரு கல்யாணம்.
நாற்காலிகள் என் கடையுடையவை, எண்ணிக்கொண்டிருந்தேன்.
பின்வரிசையில் ஒருவர், பேங்க்கில் ரிட்டயர் ஆனவர்,
மாப்பிள்ளை வீட்டுப் பையன்களிடம்
அந்த கார்னரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
"காத்தைக் கணக்குப் பண்ணி வலது காலால..."
நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன்.
"இடது கால்" என்றேன்.

திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.
செருப்பைப் பார்த்தார், வெகு நேரம்.
"பூட்ஸ் பெரிசா இருந்துதோ?"

"முன்னால பஞ்சு வச்சிருந்தேன்" என்றேன்.