ஏழு கிலோ

முதல் தடவை கிள்ளானுக்குப் போனபோது
லென்ஸைச் சட்டையில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து
பெட்டியைக் கீழே அனுப்பிவிட்டேன்.
பூட்டு பூட்டியபடியே வந்தது.
பேனா முனையால் ஜிப்பைப் பிளந்து
பிளந்த சுவடில்லாமல் மூடத் தெரிந்த கை.
வேட்டி இருந்தது. சீப்பு இருந்தது.
பெண் வீட்டாருக்கென்று கொண்டுபோன தம்ரூட்
பிரிக்காமல் இருந்தது.
சட்டையின் மடிப்புக்குள்
லென்ஸின் மூடி மட்டும், வட்டமாக.

புகாரில் வரிசை எண் கேட்டார்கள்.
முகூர்த்த நேரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
தாலி முடிச்சின்போது
எந்தச் சித்தப்பா குறுக்கே வந்து நிற்பார் என்றுகூட.
எண் தெரியாது.
ஜபருல்லா பாய் ஸ்டுடியோச் சம்பளத்தில்
பதினாறு மாதம் பிடித்தார்,
ஒரு வார்த்தை திட்டாமல்.
திட்டியிருக்கலாம்.

இந்த முறை
எண்ணெல்லாம் நோட்டில், நோட்டின் படம் மைத்துனி போனில்.
கேமரா போகும்போதே என்னுடையதுதான் என்று
கஸ்டம்ஸில் முத்திரை வாங்கிய தாள், நாலாக மடித்து.
பேட்டரி முனைகளில் டேப்.
கார்டுகள் ஹோமியோபதி டப்பியில்.
பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரை
பிளேடால் நூல் நூலாகப் பிரித்தெடுத்தேன்,
பார்க்கிறவனுக்கு
யூரியா வாங்கப் போகிறவன் பை மாதிரி இருக்கட்டும் என்று.

திருச்சியில் தராசு ஒன்பது புள்ளி இரண்டு என்றது.
ஏழுதான் சார், டேக் போட்டுக் கீழே அனுப்பிடலாம் என்றாள்
கவுண்டர் பெண்.
நான் அவள் எதிரிலேயே உடுத்த ஆரம்பித்தேன்.
கழுத்தில் கேமரா,
பேன்ட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு லென்ஸ்,
ஹார்டு டிஸ்க் இடுப்பில், லுங்கிப் பணம் மாதிரி.
கர்ப்பிணி போல் நடந்து போய்
மறுபடி பையை வைத்தேன்.
ஆறு புள்ளி ஒன்பது.
அவள் சிரிக்கவில்லை. பின்னால் வரிசை சிரித்தது.

திரும்பி வரும்போது
கார்டுகளில் நாலாயிரம் படம், கண்ணில் இரண்டு ராத்திரித் தூக்கம்.
பையை மேலே வைக்கவில்லை.
காலடியில் வைத்து, வாரைக் கணுக்காலில் சுற்றி,
தூங்கவே கூடாது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

விழித்தபோது வார் என் காலில் இல்லை.
பக்கத்து சீட் அம்மாவின் காலில் இருந்தது.
வலங்கைமான்காரர், பெயர் செங்கமலம்,
ஏதோ தொழிற்சாலை கேன்டீனில் ஏழு வருஷமாம்.
உருவிக்கிட்டுக் கிடந்துச்சு தம்பி,
நீங்க பொணமாத் தூங்குறீங்க,
அதான் நான் மாட்டிக்கிட்டேன்.

நன்றி சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.
பிறகு பையோடு கழிப்பறைக்குள் போய்
தாழ் போட்டு எண்ணினேன்.
உடல் ஒன்று. லென்ஸ் மூன்று. டிஸ்க். டப்பி.
எல்லாம் இருந்தது.
கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

அவர் என்னிடம் தன் போனைக் கொடுத்தார்,
சார்ஜ் இல்லாத, ஓரம் உடைந்த போன்.
பாத்துக்கங்க, நானும் போய்ட்டு வந்துடறேன்.
எங்கே போனேன் என்று தெரிந்துதான் கொடுத்தாரா
தெரியவில்லை.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விமானம் சாய்ந்தபோது
காவிரியும் கொள்ளிடமும் தனித்தனியாகத் தெரிந்தன.
கீழே குறுவைக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள்
ஒவ்வொன்றும் வெயிலை வாங்கி
என் பக்கம் ஒரு முறை அடித்துவிட்டு அணைந்தன.
கேமரா கழுத்தில்தான் இருந்தது.
எடுக்கவில்லை. கையில் போன் இருந்தது.

தஞ்சாவூரில் பஸ் மாறி
நீடாமங்கலம் கேட்டில் வழக்கம்போல் நின்றோம்.
கூட்ஸ் வண்டி, முடிவில்லாதது.
பஸ்ஸே காலியாகி டீக்கடைக்கு இறங்கியது.
சீட்டில் ஒரு துண்டு, ஒரு டிபன் கேரியர்,
யாருடையதோ புது மிக்ஸி, அட்டைப்பெட்டியோடு, அநாதையாக.
நானும் பையை ஜன்னலோரம் வைத்தேன்.
வைத்துவிட்டு இறங்கினேன்.
டீ வாங்கினேன். ஊதினேன்.

பாதி டீயில் ஓடிவந்து ஏறினேன்.

பை இருந்தது. மிக்ஸியும் இருந்தது.