மடியில் கனம்

கோத்தென்பர்க். நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.
நிலவறைச் சலவைக்கூடத்தில் மூன்று இயந்திரங்கள்,
குடியிருப்புக்கே பொது.
இரண்டாவது மட்டும் வயிறு நிறையத் தண்ணீரோடு
பாதியில் நின்றிருந்தது.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
யாருடையதோ ஒரு சட்டைக்கை
கையசைத்தபடி அப்படியே உறைந்திருந்தது.

சுவரில் நான் ஒட்டிய அறிவிப்பு, லேமினேட் செய்தது:
துவைக்குமுன் பைகளைக் காலி செய்யவும்.
கீழே யாரோ பேனாவால்:
பிறர் நேரத்தில் துவைப்பவர்களையும்.

ஐந்தாம் மாடி லிண்ட்மார்க் அம்மையார்
கதவோரம் கைகட்டி நின்றார்.
"அந்த டிராம் ஓட்டுநர்தான். டெஸ்ஃபாலெம்.
சீருடை முழுக்கச் சில்லறை."
கூடையோடு வந்த டெஸ்ஃபாலெம் காதில் அது விழுந்தது.
"டிராமில் சில்லறை வாங்கிப் பல வருடம் ஆகிறதே."
மாணவி யில்வா எதுவும் சொல்லவில்லை.
கொண்டை ஊசிகளை எண்ணுவதுபோல்
தலையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

முழங்காலிட்டேன்.
அடித்தகட்டைக் கழற்றி, குட்டிக் குழாயை இழுத்து,
ரொட்டி சுடும் தட்டில் தண்ணீரை இறக்கினேன்.
நிறைய, ஊற்ற, நிறைய, ஊற்ற,
பதினொரு தட்டு.
பிறகு வடிகட்டியின் மூடியை இடப்பக்கமாய், மெல்ல.
அவசரப்பட்டவன் தொடை நனைவான்.

வந்தன:
கூழாகிப்போன ஒரு மருந்துச் சீட்டு,
குழந்தைச் சாக்ஸ் ஒற்றை,
மீன்முள்போல் வளைந்த உள்ளாடைக் கம்பி,
நாலு பொத்தான், நாலும் நாலு சட்டை,
ஒரு பச்சை லெகோ,
ஐந்து குரோனர் நாணயம் ஒன்று.

"பார்த்தீர்களா!" என்றார் லிண்ட்மார்க் அம்மையார்.
டெஸ்ஃபாலெம் குனிந்து பார்த்தார்.
"இது பழசு. செல்லாக்காசு.
இதையெல்லாம் இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்?"
அம்மையார் தன் கோட்டுப் பைக்குள்
கையை விட்டுக்கொண்டார்.

ஆனால் இவை எதுவும் குற்றவாளி இல்லை.
பம்பின் விசிறி இன்னும் அசையவில்லை.
இரண்டு விரலை உள்ளே விட்டுக்
கண்ணை மூடிக்கொண்டேன்,
அந்த இடத்தில் விரல்தான் பார்க்கும்.
இதழுக்கும் சுவருக்கும் நடுவே
ஆறு பட்டையாய், குளிர்ச்சியாய், ஏதோ.
வெளியே எடுக்காமலே தெரிந்துவிட்டது.

என் திருப்புளியின் முனை.
போன மே மாதம் கதவு ரப்பரை மாற்றிய அன்று
காணவில்லையென்று வேன் முழுக்கத் தேடி,
பயிற்சிக்கு வந்த பையன்மேல் எரிந்து விழுந்தேனே, அது.
ஆறு மாதம் இவர்களுடைய போர்வைகளோடும்
குழந்தைச் சட்டைகளோடும் சுற்றிச் சுற்றி
துரும்பு துரு இல்லாமல்
பளபளவென்று இருந்தது.

மூன்று தலைகள் என் தோளுக்கு மேலே.
"என்ன அது?"
உள்ளங்கையை மூடினேன்.
"காசு. இன்னொரு காசு."

லிண்ட்மார்க் அம்மையார் டெஸ்ஃபாலெமைப் பார்த்தார்.
டெஸ்ஃபாலெம் என் கையைப் பார்த்தார்.
பிறகு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து
நான் சிந்திய தண்ணீரைத்
தானே துடைத்தார்.

பில்லில் எழுதினேன்:
அந்நியப் பொருள் அகற்றியது, ஒன்று.
எழுநூற்று ஐம்பது குரோனர்,
எல்லா வீட்டுக்கும் சமபங்கு.
அந்நியப் பொருள் என்பது
படிவத்தில் அச்சடித்திருக்கும் சொல். என்னுடையதல்ல.

இரவு வீட்டில், களைப்பு.
வேலைக் கால்சட்டையை அப்படியே உள்ளே எறிந்து
பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தேன்.
நாற்பது டிகிரி, பருத்தி.
தண்ணீர் ஏறும் சத்தம். உருளை புரளும் சத்தம்.
கண் சொருகும் நேரத்தில்
சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
கடக்.

கொஞ்சம் பொறுத்து, கடக்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவு பூட்டிக்கொண்டுவிட்டது.
இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் என்றது சிவப்பு எழுத்து.
அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து
எண்ணத் தொடங்கினேன்.
நாளைக்கு அந்த பில்லைத் திருத்த வேண்டும்,
இருநூற்று நாற்பது,
டெஸ்ஃபாலெம் காலை வேலைக்குக் கிளம்புமுன்,
இருநூற்று நாற்பத்தொன்று,
என்ன சொல்லித் தொடங்குவது.
அதற்குள் பிழியும் சுற்று வந்துவிட்டது.
இனி எண்ண முடியாது,
இடைவெளியே இல்லாத ஒரே சத்தம்.